தந்தியின் உயரம்

என் மகள் கிற்றார் பயிலத் தொடங்கிய சில நாட்களிலேயே அவள் விரல் நுனிகள் சிவந்து வீங்கிவிட்டன. தந்திகள் தடித்தவை, வீணையில் உள்ளவை போன்ற மெட்டுகளுக்கு மேல் அவை வெகு உயரத்தில் நின்றன. "அப்பா, இவற்றைச் சற்றுத் தாழ்த்தித் தாருங்கள்" என்றாள். நானோ பிரெடி கிறீனின் கதையைக் கூறினேன்!

அமெரிக்காவில் கவுண்ட் பேசியின் ஜாஸ் குழுவில் 1937இல் சேர்ந்து, 1987இல் மறையும்வரை ஏறத்தாழ 50 ஆண்டுகள் கிற்றார் வாசித்தவர் அவர். எக்காளங்களுக்கு நடுவே, ஒலிபெருக்கியின் துணையின்றியே தாளம் காத்தார். தடித்த தந்தியை உயர்த்திக் கட்டினால், ஓங்கி மீட்டினாலும் அது மெட்டில் மோதாது. விரிந்து அதிர்ந்து உரத்து ஒலிக்கும். அழுத்தும் விரலுக்குத்தான் தண்டனை. கிறீன் அதனை மனமுவந்து ஏற்றார்.

மகள் எதிர்த்தொன்றும் கூறவில்லை. ஒரு வாரத்தில் கிற்றார் உறையோடு அலுமாரியின் மேலேறிவிட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிறீனுக்கு எதிரே பத்துக்கு மேற்பட்ட ஊதுகருவிகள் இருந்தன. பூவரசங்குளத்தில் எங்கள் விறாந்தையில் இவளோடு போட்டியிடுவன காகங்களே. வெஸ் மொன்ட்கொமரியும் தடித்த தந்தியையே விரும்பினார் என்பது மெய்தான். ஆயின் அவர் மின்கிற்றாரைக் கட்டைவிரற் சதையால் மீட்டியவர். நாடியது உரப்பையன்று, ஓசையின் திரட்சியை.

மெல்லிய தந்திகள் வாங்கினேன். குதிரையின் மேலிருந்த வெண்பட்டையைக் கழற்றி, அதன் அடிப்புறத்தைச் சிறிது சிறிதாக அராவினேன். ஆசிரியன் கைக்கு அரம் புதிது. சற்று மிகையாகவே அராவிவிட்டேன் போலும். ஆறாந் தந்தி மெட்டில் பட்டு இரைகிறது. அவள் அதைப் பொருட்படுத்தாது மாலைதோறும் வாசிக்கிறாள்.