முதலில் டேப்பட்

செய்யூர் கடைத்தெருவில் வெயில் ஏறுவதற்குள் அந்தப் பட்டறை வாசலில் மூன்று வண்டிகள் சேர்ந்துவிட்டன. இரண்டு மொபெட், ஒரு புல்லட். மொபெட்டுகளைப் பையன் பார்த்துக்கொள்வான். புல்லட் என்றால் மேஸ்திரிதான் கை வைக்க வேண்டும். அறுபதைத் தாண்டியவர். காதோரம் பென்சில், தோளில் பனியன் வேஸ்ட். தகரக் கூரை, எண்ணெய் குடித்துக் கறுத்த மண் தரை, சுவரில் கந்தசாமி கோயில் காலண்டர். எதிர்ச்சாரி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் பட்டறை முழுக்கத் தெரியும், பேச்சும் கேட்கும்.

புல்லட்டுக்காரனுக்கு முப்பது வயதிருக்கும். ஒரகடம் பக்கம் வேலை, வாரக் கடைசியில்தான் ஊர். வண்டி அவன் அப்பா ஓட்டியது. எண்பதுகளில் திருவொற்றியூரில் இருந்து இறங்கிய 350. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். டேங்கின் பச்சை மங்கினாலும் பொன்கோடு அழியவில்லை. வண்டியை ஸ்டாண்டு போட்டவன், கக்கத்தில் இடுக்கியிருந்த கூரியர் பொட்டலத்தைப் பெஞ்சின் மேல் வைத்துப் பிரித்தான்.

உள்ளே பளபளவென்று 28 மில்லி கார்பரேட்டர். ரப்பர் வைத்த மேனிஃபோல்டு, கூம்பு மாதிரி ஒரு சிவப்பு ஏர் ஃபில்டர், பிளாஸ்டிக் உறையில் ஆறு பித்தளை ஜெட்.

"அண்ணா, இத மாட்டிடலாம்."

"மாட்டிடலாம். இப்ப வண்டி இன்னா பண்ணுது?"

"சூடாயிட்டா ஐடிலிங் நிக்க மாட்டேங்குதுண்ணா. கேட்டுல நின்னா ஆஃப் ஆயிடுது. மேட்டுல பிக்கப் இல்ல. நடுவுல படார்னு ஒரு வெடி. எல்லா வீடியோலயும் கார்பரேட்டரத்தான் மாத்தச் சொல்றாங்க."

மேஸ்திரி தலையாட்டினார். புதுக் கார்பரேட்டரை எடுத்து ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு அதே துணியில் சுற்றி ஓரமாக வைத்தார். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டியின் வலப்பக்கம் குந்தினார். கை கார்பரேட்டர் பக்கம் போகவில்லை. சிலிண்டரின் அடியில் இருக்கும் டேப்பட் கவரைக் கழற்றினார்.

டீகம்ப்ரஷன் நெம்புகோலை அழுத்தியபடி கிக்கரைக் கையால் மெல்ல இறக்கி, பிஸ்டனை மேலே நிறுத்தினார். இரண்டு புஷ்ராடுகள் தெரிந்தன. ஒன்றைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துச் சுற்றினார், சுற்றியது. அடுத்ததைப் பிடித்தார். சுற்றவில்லை.

"சுத்திப் பாரு."

அவன் குனிந்து முயன்றான். நகரவில்லை.

"எக்ஸாஸ்ட்டு இறுகிக் கெடக்குது. இஞ்சின் சூடானா வால்வு நீளும். நீண்டா முழுசா மூடாது. மூடலன்னா காம்ப்ரஷன் எங்க நிக்கும்? அப்புறம் ஐடிலிங் எப்படி நிக்கும்?"

இரண்டு ஸ்பேனர்கள் எதிரெதிராகத் திரும்பின. மேலும் கீழும் ஆடக் கூடாது, விரலால் சுற்றினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும். அந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற இடம் ஒரு மயிரிழைதான். மூன்று தடவை நட்டை இறுக்கி, மூன்று தடவை தளர்த்தி, நான்காவது தடவையில் எழுந்தார்.

அடுத்தது டிஸ்ட்ரிபியூட்டர் மூடி. பாயிண்ட்டுக்குள் ஃபீலர் கேஜின் தகடுகளை ஒவ்வொன்றாக நுழைத்தார். பதினைந்து தௌ நுழையவில்லை. பத்தும் நுழையவில்லை. ஆறு உரசிக்கொண்டு போனது. இருக்க வேண்டியது பதினைந்து தௌ, அதாவது 0.38 மில்லிமீட்டர். பாயிண்ட்டின் குதி தேயத் தேய அந்த இடைவெளி குறையும். குறைந்தால் தீப்பொறி வர வேண்டிய நேரத்துக்குப் பிந்தி வரும். இழுவை போய்விடும், இஞ்சின் சூடேறும். இதெல்லாம் மேஸ்திரி வாயைத் திறந்து சொன்னதல்ல. அவர் சொன்னது, "பாயிண்ட்டு எப்ப பாத்த?" என்பது மட்டும். அவனுக்குப் பாயிண்ட் எங்கே இருக்கிறது என்பதே இப்போதுதான் தெரிந்தது.

பிறகுதான் பழைய கார்பரேட்டரை இறக்கினார். 24 மில்லி மிக்கார்ப். வெளியெல்லாம் வெள்ளை பூத்திருந்தது. செய்யூரில் எந்த அலுமினியமும் அப்படித்தான். கிழக்கே உப்பளம், அதற்கப்பால் கடல். அடிக்கிண்ணத்தைக் கழற்றி, மிஞ்சியிருந்த பெட்ரோலை உள்ளங்கையில் ஊற்றினார். வெயிலில் சாய்த்தார். பெட்ரோலுக்கு அடியில் கடுகளவு முத்துகள் இரண்டு மூன்று, ஒன்றோடொன்று ஒட்டாமல் உருண்டன.

"தண்ணி. எத்தினி நாளா நிறுத்தி வெச்சிருந்த?"

"ரெண்டு மாசம் இருக்கும்ணா."

"இப்ப வர்ற பெட்ரோல்ல அஞ்சுல ஒரு பங்கு ஸ்பிரிட்டு. அது தண்ணிய இழுக்கும். இழுத்து இழுத்துத் தாங்காம கீழ உட்டுரும். வண்டிய நிறுத்தறதா இருந்தா பெட்ரோல் காக்க மூடிட்டு ஓட்டி, கார்பரேட்டரக் காலி பண்ணிட்டு நிறுத்து."

எத்தனால் 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் சில பங்குகளில் தொடங்கி, இரண்டே ஆண்டில் நாடெங்கும் வந்துவிட்டது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இந்தக் கலவைக்குக் கணக்கு ஏறக்குறைய பதின்மூன்றரைக்கு இறங்குகிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்தபின் இறங்கிய வண்டிகளில் புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் இதை முகர்ந்து, பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். பழைய புல்லட்டுக்கு அந்த மூக்கு கிடையாது. ஜெட்டின் ஓட்டை எவ்வளவோ அவ்வளவுதான் வரும். அதைப் பெரிதாக்குவதா என்று முடிவு செய்ய மேஸ்திரியின் காதும் ப்ளக்கின் நிறமும்தான் இருக்கின்றன.

பழைய கார்பரேட்டரின் முகத்தைக் கண்ணாடித் துண்டின் மேல் கவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்தார். நடுவில் இழையாக வெளிச்சம் கசிந்தது. எந்தக் காலத்திலோ யாரோ போல்ட்டை மிகையாக முறுக்கி முகத்தை வளைத்துவிட்டார்கள். ஸ்லைடைப் போட்டு ஆட்டினார், கடகடவென்றது.

"இது ரெண்டு எடத்துல காத்து இழுக்குது. மாத்த வேண்டியதுதான். நீ வாங்கினது வீண் போவல."

அவன் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது. "அப்ப பவர் கூடும்ல?"

"350ல பதினெட்டு குதிரை. அது இஞ்சினோட கணக்கு. இது 500 புல்லட்டுக்கு வந்த சைசு. வாய் பெருசு, இஞ்சின் இழுக்கிற இழுப்பு அதேதான். குறுகின வாய்க்கால்ல தண்ணி வெரசாப் போவும், அகலப்படுத்தினா அசமந்தமாப் போவும். மேல கொஞ்சம் கிடைக்கும். கீழ வாங்கறத சரிக்கட்டணும்."

24க்கும் 28க்கும் நாலு மில்லிதான் வித்தியாசம். ஆனால் வட்டத்தின் பரப்பில் அது 36 விழுக்காடு. மெதுவாக ஓட்டும்போது காற்றின் வேகம் ஏறக்குறைய கால் பங்கு சரியும். வேகமில்லாத காற்று பெட்ரோலை ஜெட்டிலிருந்து சரியாக உறிஞ்சி எடுக்காது. மெதுவாக ஓடுவதற்கென்றே பிறந்த இஞ்சின் அது. 70 மில்லி அகலம், 90 மில்லி நீளம் ஓடும் பிஸ்டன். ஐம்பதுகளில் ராணுவம் எல்லைக் காவலுக்கு இந்த வண்டியைக் கேட்டதும், 1955இல் சென்னையில் புல்லட் தொழில் தொடங்கியதும் அந்த நிதான இழுவையை நம்பித்தான்.

மாட்டுவதில் ஒரு மணி நேரம் போயிற்று. மேனிஃபோல்டின் உள்விளிம்பு ஹெட்டின் துவாரத்தை விடத் துருத்தியிருந்தது, அரத்தால் வழித்தார். பேக்கிங்கின் நடு ஓட்டையைப் பிளேடால் பெரிதாக்கினார். கூம்பு ஃபில்டரை எடுத்தவன் கையிலிருந்து வாங்கிப் பொட்டலத்தில் திரும்ப வைத்தார். "உப்புக்காத்து, மண்ணு. பழைய டப்பாவே இருக்கட்டும்."

உறையில் இருந்த ஆறு ஜெட்டுகளையும் ஒவ்வொன்றாக வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். ஒயரிலிருந்து ஒரு செப்பு இழையை உருவி 110 என்று எழுதியதில் நுழைத்தார், 120 என்று எழுதியதிலும் நுழைத்தார். இரண்டிலும் ஒரே மாதிரி உரசியது.

"நம்பர்தான் வேற. ஓட்டை ஒண்ணே."

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தைல டப்பா வந்தது. உள்ளே அவருடைய ஜெட்டுகள், ஆண்டுக்கணக்கில் சேர்த்தவை. இதே செங்கல்பட்டு மாவட்டத்தில், மறைமலைநகரில், ஜப்பானின் மிக்குனியோடு சேர்ந்து யுகால் நிறுவனம் மாருதி கார்களுக்குக் கார்பரேட்டர் வார்த்த காலம் ஒன்று உண்டு. இப்போது நல்ல ஜெட் ஒன்றுக்கு இப்படி டப்பாவைத்தான் துழாவ வேண்டியிருக்கிறது. 110 ஒன்றை எடுத்துத் திருகினார். ஊசியின் கிளிப்பை நடுக் காடியில் போட்டார். ஏர் ஸ்க்ரூவை முட்ட உள்ளே விட்டு, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்தார்.

மூன்றாவது உதையில் பிடித்தது. சூடாகும் வரை யாரும் எதையும் தொடவில்லை. பையன் மொபெட்டை விட்டுவிட்டு வந்து நின்றான். மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டு ஸ்க்ரூவை அரைச் சுற்று உள்ளே விட்டார், சத்தம் தடித்தது, அரைச் சுற்று வெளியே எடுத்தார், தாளம் தப்பியது, மறுபடி உள்ளே. ஒன்றேகாலில் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழுந்தது. ஆக்சிலேட்டரை வெடுக்கென்று முறுக்கினார். தயங்கவில்லை.

ஓட்டிப் பார்க்க அவரே போனார். பவுஞ்சூர் சாலையில் சத்தம் தேய்ந்து, சிறிது நேரம் கழித்து முழு முறுக்கில் திரும்பி வந்து, பட்டறைக்கு நூறடி தூரத்தில் சட்டென்று அறுந்தது. கிளட்சைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் உருண்டு வந்து நின்றார். துணியைச் சுற்றிச் சுடச்சுட ப்ளக்கைக் கழற்றினார். நடுவில் இருக்கும் பீங்கான் சுண்ணாம்பு வெளுப்பாக இருந்தது.

"பட்டினி போடுது. ஸ்பிரிட்டு பெட்ரோலு."

110 கழன்றது, 115 ஏறியது. துடைத்த ப்ளக்கோடு மறுபடி அதே சாலை, அதே முறுக்கு, அதே அறுப்பு. இந்த முறை பீங்கானில் இளங்காப்பி நிறம். அதை அவனிடம் நீட்டினார். அவன் மொபைலில் படம் எடுத்துக்கொண்டான்.

டூல் பாக்ஸ் மூடியைத் திறந்தபோது உள்பக்கம் வெள்ளைப் பெயிண்டில் மங்கிய எண்கள். 90, 3, 1½.

"எங்கப்பா எழுத்துண்ணா."

மேஸ்திரி ஆணியால் அதன் கீழே கீறினார். 115, 3, 1¼, 15.

"மெயின் ஜெட், ஊசி, ஸ்க்ரூ. கடைசில பதினஞ்சு இன்னாண்ணா?"

"பாயிண்ட்டு கேப்பு. உங்கப்பா எழுத மறந்தது."

அவன் பர்ஸை எடுத்தான். "எவ்ளோண்ணா?"

"டேப்பட்டுக்கு நூறு, பாயிண்ட்டுக்கு நூறு, ஜெட்டுக்கு நூத்தம்பது."

"கார்பரேட்டர் மாட்டினதுக்கு?"

"சூட்டுல வண்டி நின்னது அதால இல்லியே. அதுக்கான காசத்தான் கூரியர்காரன் வாங்கிட்டுப் போயிட்டான். பழையத எடுத்துக்கினு போ, முகத்தத் தேச்சு ஸ்லைடு மாத்தினா அதுவும் ஓடும்."

சொல்லிவிட்டு, பையன் பாதியில் விட்ட மொபெட்டின் பக்கம் குந்தினார்.