பெண்ட் நகரத்துப் படக் கடை

அமெரிக்காவுக்குப் போய் வந்தவர்கள் உங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து என்னென்ன சொல்வார்கள் என்பது உங்களுக்கு மனப்பாடம். நயாகராவில் நனைந்தது, சுதந்திர தேவியின் காலடியில் நின்று படம் எடுத்துக்கொண்டது, டிஸ்னிலாந்தில் நடந்து நடந்து கால் வீங்கியது. அவற்றை மறுபடியும் சொல்லி உங்கள் பொழுதை வீணாக்கப் போவதில்லை. நான் உங்களை அழைத்துப் போவது ஒரு வாடகைக் கடைக்கு. கல்யாணப் பாத்திரம் வாடகைக்குக் கொடுக்கும் கடை அல்ல. சினிமாப் படத்தை ஒரு வட்டத் தகட்டில் வைத்து, இரண்டு நாள், மூன்று நாள் என்று தவணை சொல்லிக் கொடுத்து, திரும்ப வாங்கி வைத்துக்கொள்ளும் கடை. 2004-ல் இதே பெயர்ப் பலகையுடன் உலகத்தில் 9,000 கடைகளுக்கு மேல் இருந்தன. இன்று மிஞ்சியிருப்பது இது ஒன்றே ஒன்று.

கடையின் பெயர் பிளாக்பஸ்டர். ஊர், ஆரகன் மாநிலத்தில் பெண்ட். பெயரைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். நம் 'பெண்டு பிள்ளைகளு'க்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. டெஷூட்ஸ் என்ற ஆறு அங்கே ஒரு வளைவு வளைந்து போகிறது. ஆங்கிலத்தில் வளைவுக்கு அந்தப் பெயர், அவ்வளவுதான்.

கடையைப் பார்ப்பதற்கு முன், அந்த ஒன்பதாயிரமும் எப்படிப் போயின என்று தெரிய வேண்டாமா? அதற்கு முதலில் கலிபோர்னியாவில் ஸாந்தா குரூஸ் என்ற கடற்கரை ஊருக்கு வாருங்கள். என் தங்கை மகள் குடியிருப்பது சன்னிவேலில். அங்கிருந்து மலைப் பாதையில் ஏறி இறங்கினால் ஒரு மணி நேரத்தில் கடல். கோடைக்காலத்து ஞாயிற்றுக்கிழமையானால் இரண்டு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1997-ல் ரீட் ஹேஸ்டிங்ஸ், மார்க் ராண்டால்ஃப் என்ற இருவர் இந்த மலைப் பாதையில் ஒரே காரில் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தார்கள். வழியெல்லாம் ஒரே பேச்சு: புதிதாக என்ன வியாபாரம் தொடங்கலாம்? அவரவர் தலைமயிருக்குத் தக்க ஷாம்பு, அவரவர் நாய்க்குத் தக்க தீனி என்று ராண்டால்ஃப் ஒவ்வொன்றாகச் சொல்வார். ஹேஸ்டிங்ஸ் ஒவ்வொன்றாகத் தள்ளுவார். படங்களைத் தபாலில் வாடகைக்கு விடலாமா என்றும் யோசித்தார்கள். வீடியோ கேஸட்டோ செங்கல் மாதிரி. தபால் செலவு கட்டாது. அந்தச் சமயத்தில்தான் டி.வி.டி. என்ற தகடு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 12 சென்டிமீட்டர் வட்டம், அப்பளத்தைவிடச் சற்றே கனம். தபாலில் போனால் உடையுமா, உடையாதா? பரீட்சை பார்த்துவிடுவது என்று தீர்மானித்தார்கள். ஸாந்தா குரூஸில் அப்போது டி.வி.டி. கிடைக்கவில்லை. ஆகவே பாட்ஸி கிளைன் என்ற பாடகியின் பழைய இசைத்தட்டு ஒன்றை வாங்கி, வாழ்த்துக் கார்டு அனுப்பும் கவருக்குள் வைத்து, 32 செண்ட் ஸ்டாம்பை ஒட்டி, ஹேஸ்டிங்ஸ் வீட்டு விலாசத்துக்கே போட்டார்கள். மறுநாள் கீறல் படாமல் வந்து சேர்ந்தது. நெட்பிளிக்ஸ் என்ற கம்பெனிக்குப் பிள்ளையார் சுழி இந்த 32 செண்ட்தான்.

ஊரின் பெரிய தபாலாபீஸ் வாசலில் சற்று நேரம் நின்றேன். உள்ளே ஒரு மூதாட்டி பார்சலுக்கு எடை போட்டுக்கொண்டிருந்தாள். வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. சரித்திரம் நடந்த இடங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன.

1998 மார்ச் 10-ல் முதல் தகடு 'பீட்டில்ஜூஸ்' என்ற படம் தபாலில் போயிற்று. மறு ஆண்டிலேயே மாதச் சந்தா முறை வந்தது. எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், அபராதம் கிடையாது என்றார்கள். இந்த 'அபராதம் கிடையாது' என்ற வார்த்தைக்கு இருந்த மதிப்பை நீங்கள் அறிய வேண்டுமானால் ஒரு கணக்குச் சொல்கிறேன். 2000-ஆம் ஆண்டில் பிளாக்பஸ்டர் கடைகள் படத்தைத் தாமதமாகத் திருப்பியவர்களிடமிருந்து வசூலித்த அபராதம் மட்டும் சுமார் 80 கோடி டாலர்! குழந்தைக்கு ஜுரம், கணவர் வெளியூர், மழை, மறதி என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காரணம் இருந்திருக்கும். கடைக்காரருக்குக் காரணம் எதற்கு? 'அப்பல்லோ 13' படத்துக்கு 40 டாலர் அபராதம் கட்டிய கோபத்தில்தான் ஹேஸ்டிங்ஸ் இந்தக் கம்பெனியைத் தொடங்கினார் என்று ஒரு கதை உலகமெல்லாம் சுற்றியது. அது சொல்வதற்குச் சௌகரியமான கதை, நடந்தது அப்படி அல்ல என்று ராண்டால்ஃப் பிற்பாடு தம் புத்தகத்தில் எழுதிவிட்டார்.

அதே 2000-ல் நெட்பிளிக்ஸுக்குப் பணமுடை. இருவரும் டல்லஸ் நகரத்துக்குப் போய், 'எங்கள் கம்பெனியை 5 கோடி டாலருக்கு எடுத்துக்கொள்ளுங்கள்' என்று பிளாக்பஸ்டரிடம் கேட்டார்கள். எடுத்துக்கொள்ளவில்லை. பத்தே ஆண்டில், 2010 செப்டம்பரில், பிளாக்பஸ்டர் திவால் மனுக் கொடுத்தது.

நடுவில் நடந்தது என்ன? 2007 ஜனவரியில் நெட்பிளிக்ஸ் தபாலுறையையும் தாண்டிவிட்டது. சுமார் 1,000 படங்களை இணையம் வழியாக வீட்டுக்கே ஓட விட்டது. இந்த வித்தையை எளிதாகச் சொல்கிறேன். ஒரு படத்தைச் சில விநாடி நீளமுள்ள துண்டுகளாக நறுக்குகிறார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் தெளிவானது, சுமாரானது, மங்கலானது என்று பல பிரதிகள். உங்கள் இணைப்பு அந்த நிமிஷத்தில் எவ்வளவு தாங்கும் என்று பார்த்து, அதற்குத் தக்க பிரதியை உங்கள் டெலிவிஷனே கேட்டு வாங்கிக்கொள்கிறது. திடீரென்று கதாநாயகியின் முகம் கலங்கிப் பிறகு தெளிகிறதே, அது இதனால்தான். படமும் ஒவ்வொரு தடவையும் கலிபோர்னியாவிலிருந்து புறப்பட்டு வருவதில்லை. உங்கள் ஊர் இணையக் கம்பெனியின் இடத்திலேயே நெட்பிளிக்ஸ் தன் பெட்டிகளை வைத்து, மக்கள் மிகுதியாகப் பார்க்கும் படங்களை முன்கூட்டியே நிரப்பி வைத்துவிடுகிறது. பெரிய ஆலைக்குப் பக்கத்துத் தெருவில் கிடங்கு இருப்பது போல.

தபால் வியாபாரமும் சிறிது சிறிதாகத் தேய்ந்து 2023 செப்டம்பர் 29-ல் முடிந்தது. 25 ஆண்டுகளில் 520 கோடித் தகடுகள் போயிருந்தன. கடைசியில் கையில் இருந்த தகடுகளைத் திருப்ப வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சந்தாதாரர்களிடம் சொல்லிவிட்டார்கள்.

என் தங்கை மகளுக்கு இதெல்லாம் ஆதாயமாகத்தான் பட்டது. "பெரியம்மா, இவன் கைக்குழந்தையாக இருந்தபோது ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கமில்லாமல் உட்கார்ந்திருப்பேன். எந்தக் கடை திறந்திருக்கும்? பொத்தானை அழுத்தினால் படம் வந்தது. அதுதான் துணை" என்றாள். நியாயம்தானே! படியிறங்க முடியாத வயோதிகருக்கும், அடுப்படியை விட்டு நகர முடியாதவளுக்கும் இது பெரிய வரம். இருபது வருஷத்துக்கு முன் அந்தப் பக்கத்து இந்திய மளிகைக் கடைகளில் துவரம் பருப்பு மூட்டைக்குப் பக்கத்தில் தமிழ்ப் படத் தகடுகளை அடுக்கி வாடகைக்குக் கொடுப்பார்களாம். தியேட்டரில் யாரோ திருட்டுத்தனமாகப் பிடித்த பிரதிகளும் அவற்றில் உண்டு. பாதிப் படத்தில் முன் வரிசைக்காரர் எழுந்து போவார். "ஆனால் அங்கேதான் எனக்கு இந்த ஊரில் முதல் சிநேகிதி கிடைத்தாள்" என்றும் அவளே சொன்னாள்.

சரி, பெண்ட் நகரத்துக்குப் புறப்படுவோம். சன்னிவேலிலிருந்து சுமார் 500 மைல். வடக்கே போகப் போகப் பனி போர்த்திய ஷாஸ்டா மலை கூடவே வருகிறது. வீட் என்ற ஊரில் பெரிய சாலையை விட்டுப் பிரிந்தால், கிளாமத் ஏரிக்கரை. பிறகு பைன் காடு. பிறகு மேலும் பைன் காடு. எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறைகள் வழி நெடுக. பெண்ட் சுமார் 3,600 அடி உயரத்தில் இருக்கிறது. சிறு மழை பெய்யும் வறண்ட பூமி, தொலைவில் மூன்று சகோதரிகள் என்ற பனிமலைகள்.

இந்த ஊருக்கு ஒரு பழைய கதை உண்டு. 1916-ல் ஆற்றின் இரு கரையிலும் இரண்டு பெரிய மர ஆலைகள் தொடங்கின. ஊரே அவற்றால் பிழைத்தது. மரம் குறைந்தது, ஆலைகள் ஓய்ந்தன. ஆலை இருந்த இடத்தில் இன்று துணிக்கடையும் காப்பிக் கடையும். மூன்று புகைபோக்கிகளை மட்டும் இடிக்காமல் விட்டிருக்கிறார்கள். ஓய்ந்துபோனதை முழுதும் துடைத்துவிடாத ஊர் என்று அப்போதே எனக்குத் தோன்றியது.

கடை, ரிவியர் அவென்யூ என்ற சாதாரணச் சாலையில் இருக்கிறது. 1992-ல் வேறு பெயரில் தொடங்கி, 2000-ல் பிளாக்பஸ்டர் பலகையை மாட்டிக்கொண்டது. உள்ளூர்க் குடும்பம் ஒன்றின் சொந்தக் கடை, ஆகவே தாய்க் கம்பெனி மூழ்கியபோது கூட மூழ்கவில்லை. அலாஸ்காவில் இணையம் மந்தம், விலையும் அதிகம். அதனால் அங்கும் சில கடைகள் தாக்குப் பிடித்தன. 2018 ஜூலையில் அவையும் மூடின. 2019 மார்ச்சில் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துக்கு அருகே இருந்த கடையும் மூடியது. அன்று முதல் இது உலகத்துக்கே ஒரே பிள்ளை.

நீலமும் மஞ்சளுமாகப் பலகை. கதவைத் திறந்தால் பிளாஸ்டிக் உறையின் வாசனையும் கம்பளத்தின் வாசனையும் கலந்து அடிக்கிறது. சுவர் முழுவதும் படங்கள்: நகைச்சுவை, குடும்பம், திகில், அயல்நாடு என்று வரிசை வரிசையாக. கூட வந்த ஒன்பது வயதுப் பேரன் ஓர் உறையை எடுத்து விரலால் தட்டித் தட்டிப் பார்த்தான். "பாட்டி, எதைத் தொட்டால் ஓடும்?" என்றான்.

இந்தக் கடையைப் பல ஆண்டுகளாகக் கட்டிக் காத்தவர் சாண்டி ஹார்டிங் என்ற அம்மையார். ஊரிலுள்ள எத்தனையோ பிள்ளைகளுக்கு முதல் வேலை கொடுத்தவர். தம் பிள்ளைகளையும் விடவில்லை. 'பிளாக்பஸ்டர் அம்மா' என்றே அவருக்குப் பெயர். தகடுகளை மொத்தமாக அனுப்பத் தாய்க் கம்பெனி இல்லாததால், பெரிய அங்காடிகளுக்குத் தாமே வண்டி தள்ளிக்கொண்டு போய், நாம் காய்கறி வாங்குவது போலப் புதுப் படங்களை வாங்கி வந்து அடுக்குவாராம். 2018-ல் பத்திரிகைக்காரர்கள் வந்தபோது கடைக் கம்ப்யூட்டரைக் கிளப்ப ஃபிளாப்பித் தகடு வேண்டியிருந்தது. அந்த வித்தை அவர் ஒருவருக்குத்தான் தெரியும். பிரிண்டர் உடைந்து போனதால் அங்கத்தினர் கார்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். நாங்கள் போன அன்று அம்மையாரைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

வாடகையால் மட்டும் கடை பிழைக்கிறதா என்கிறீர்களா? இல்லை. வந்தவர்கள் வாங்கிப் போகும் பனியனும் தொப்பியும்தான் பெரிய ஆதரவு. 2020-ல் கடைக்குள்ளேயே சோபா போட்டு, உள்ளூர்க் குடும்பங்கள் ஒரு ராத்திரி தங்கிப் படம் பார்க்க 4 டாலருக்கு இடம் கொடுத்தார்கள். அதே ஆண்டில் இக்கடையைப் பற்றி ஒரு டாக்குமெண்டரி வந்தது. 2021-ல் அதை உலகத்துக்குக் காட்டியது யார் தெரியுமா? நெட்பிளிக்ஸ்!

குழந்தைகள் வரிசையில் என் தங்கை மகள் சட்டென்று நின்றுவிட்டாள். சிறு வயதில் அவள் தம்பியோடு திரும்பத் திரும்பப் பார்த்த படம் ஒன்று. மகனுக்குக் காட்ட வேண்டுமென்று ஆறு மாதத்துக்கு முன் வீட்டில் தேடியிருக்கிறாள். மாதாமாதம் பணம் கட்டும் ஓர் ஓடிடியில் முந்திய வருஷம் இருந்தது, இப்போது இல்லை. இன்னொன்றிலும் இல்லை. இங்கே, முதுகு வெளுத்த உறைக்குள் சாதுவாக உட்கார்ந்திருந்தது.

இதற்கு ஒரு சட்டக் காரணம் இருக்கிறது. 1904-ல் ஒரு நாவலை வெளியிட்டவர்கள் 'ஒரு டாலருக்குக் குறைந்து விற்கக் கூடாது' என்று புத்தகத்திலேயே அச்சடித்தார்கள். மேஸி என்ற பெரிய கடை 89 செண்டுக்கு விற்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 'விற்றபின் உமக்கு அதிகாரம் இல்லை' என்று தீர்ப்பாயிற்று. பிற்பாடு இது சட்டமாகவே எழுதப்பட்டது. ஆகவே படத் தகட்டை விலை கொடுத்து வாங்கிய கடைக்காரர் யாரையும் கேளாமல் வாடகைக்கு விடலாம்; அது தேயும் வரை அவருடையது. இணையத்தில் ஓட விடுவதற்கோ ஒவ்வொரு படத்துக்கும் உரிமையாளரிடம் அனுமதி வேண்டும், தவணை உண்டு. தவணை தீர்ந்தால் படம் இறங்கிவிடும். நீங்களும் நானும் ஆசைப்பட்டு ஒன்றும் ஆகப் போவதில்லை. பொத்தான் நம் கையில் இருக்கிறது, பீரோச் சாவி வேறு யார் கையிலோ இருக்கிறது.

அந்தப் படத்தை இரவல் வாங்கினால் 500 மைல் திரும்பி வந்து கொடுக்க வேண்டும். விற்பனைக்கு என்று ஒதுக்கியிருந்த பழைய தகடுகளில் அதே படத்தின் இன்னொரு பிரதி அகப்பட்டது. விலைக்கே வாங்கிக்கொண்டோம்.

சன்னிவேலுக்குத் திரும்பிய பிறகுதான் தகட்டைப் போட வீட்டில் கருவியே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. பேரன் தன் விளையாட்டுப் பெட்டியைத் திருப்பிப் பார்த்து, "இதிலே ஒரு ஓட்டை இருக்கே, பாட்டி" என்றான். போட்டோம், ஓடிற்று. என் தங்கை மகள் அப்படியே தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு வசனத்தையும் அரை விநாடி முந்திச் சொல்லிக்கொண்டே பார்த்தாள். பையன் படத்தைப் பார்த்தானோ அம்மாவைப் பார்த்தானோ, தெரியவில்லை. முடிந்து பெயர்கள் எல்லாம் ஓடி, திரை கறுத்துப் போயிற்று.

"அடுத்த படம் தானா வராதா?" என்றான்.

வரவில்லை. எழுந்து போய் விளக்கைப் போட்டோம்.