மொட்டைமாடிப் பருமல்

மானசகங்கோத்ரி விடுதியறையில் ஆய்வேட்டின் மூன்றாம் இயலைத் திருத்திக்கொண்டிருந்தபோது அப்பா அழைத்தார். தூத்துக்குடி வீட்டு மொட்டைமாடியில் நிற்கும் ஆன்டெனாவை இரும்புக்கடைக்குக் கொடுத்துவிடலாமா என்று கேட்டார். தூர்தர்ஷனின் பழைய தரைவழி ஒளிபரப்பிகளில் பெரும்பாலானவை நிறுத்தப்பட்டுச் சில ஆண்டுகள் ஆகின்றன. கொடுக்கலாம் என்பதே நியாயமான விடை. ஆனால் நான், "கொஞ்சம் பொறுங்கப்பா" என்றேன்.

அது தூர்தர்ஷனுக்காக வாங்கியதன்று. 1982 பிப்ரவரி 15 அன்று இலங்கையில் ரூபவாகினி தொடங்கியது. 1975 முதல் இயங்கிய சென்னைத் தொலைக்காட்சியின் அலை எங்கள் கரையை எட்டவில்லை. 2,524 மீட்டர் உயரமுள்ள பிதுருதலாகலை மலையிலிருந்து புறப்பட்ட அலையோ கடலைக் கடந்து வந்தது. அப்பா தம் முதல் சம்பளத்தில் ஆன்டெனா வாங்கித் தென்கிழக்கே திருப்பிக் கட்டினார்.

பெரிய ஆன்டெனாவே சிறந்தது என்பது பொதுவான எண்ணம், அது சரியன்று. 1926-இல் ஜப்பானில் உருவான யாகி-உதா வகையில், குழாயின் நீளம் அலைநீளத்தில் ஏறத்தாழப் பாதியாக இருக்க வேண்டும். 300-ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 175 மெகாஹெர்ட்ஸுக்குக் குழாய் ஏறத்தாழ 85 சென்டிமீட்டர். முன்புறக் குழாய்களைக் கூட்டினால் தொலைவிலுள்ள மெல்லிய அலையும் சிக்கும். ஆனால் அது பற்றும் கோணம் குறுகிவிடும். ஒரு திசையை நன்கு கேட்க வேண்டுமெனில் பிற திசைகளை இழக்கத்தான் வேண்டும்.

என் ஆய்வு, கடற்கரைப் பேச்சுவழக்கில் தொலைக்காட்சியின் தாக்கம் பற்றியது. வினாநிரலில் தமிழ், இந்தி, ஆங்கிலம் என மூன்றே கட்டங்கள் வைத்திருந்தேன். ஆச்சியின் ஒலிப்பதிவை நேற்று மீண்டும் கேட்டேன். ரூபவாகினியின் தமிழ் நிகழ்ச்சிக்குக் காத்திருந்த நேரத்தில் சிங்கள நிகழ்ச்சிகளையும் பார்த்ததாகச் சொல்லி, "ஆயுபோவன்" என்று சிரிக்கிறார். அடுத்த சொல்லைத் தொடங்குகிறார். அதற்குள் என் குரல் குறுக்கிடுகிறது: "சரி ஆச்சி, அடுத்த கேள்விக்குப் போவோம்."

அந்தச் சொல் எதுவென்று இனி அறிய இயலாது. சென்ற ஆண்டு ஆச்சி காலமானார்.

ஆன்டெனா என்பது இலத்தீனில் பாய் கட்டும் குறுக்குமரத்தைக் குறித்த சொல். தமிழில் அது பருமல். கடலோடிகள் காற்றின் திசை அறிந்து பருமலைத் திருப்புவர். நான் என் வினாநிரலைத் திருப்பவில்லை.

மூன்றாம் இயலை மீண்டும் எழுதப்போவதாக நெறியாளரிடம் தெரிவித்துவிட்டேன். ஆய்வு நீளும், உதவித்தொகை நீளாது. தென்கடற்கரையில் ரூபவாகினி பார்த்து வாழ்ந்த முதியவர்கள் உங்கள் வீட்டில் இருப்பின், அவர்கள் நினைவிலுள்ள சிங்களச் சொற்களைக் கேட்டு எனக்கு எழுதுங்கள். கேட்கும்போது இடைமறிக்காதீர்கள்.