எண்ணெய் ஓட்டும் சின்ன டிராக்டர்

கேஸ் நிறுவனத்தின் பல சிறிய டிராக்டர்களில் சக்கரத்தை ஓட்ட கிளட்சும் இல்லை, பெல்ட்டும் இல்லை. எஞ்சின் ஒரு கியர் பம்பைச் சுற்றும். பம்ப் தள்ளும் எண்ணெய், லீவரை அசைத்தால் திறக்கும் வால்வு வழியே மோட்டாருக்குப் போகும். மோட்டார், இரண்டே கியருள்ள பின்அச்சைச் சுழற்றும். கோல்ட் என்ற சிறு கம்பெனியை 1964இல் வாங்கிய கேஸ், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இவற்றைத் தயாரித்தது. 1983க்குப் பிறகு இங்கர்சால் என்ற பெயரிலும் வந்தன. புல்வெளிக்கும் தோட்டத்துக்கும் பனி தள்ளவும் வாங்கியவை. இன்னும் பல கொட்டகைகளில் ஓடுகின்றன. பம்ப், வால்வு, மோட்டார் மூன்றும் தனித்தனியாகக் கழற்ற வருவதுதான் காரணம். எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் பூட்டிய ஹைட்ரோஸ்டாடிக் வண்டிகளில் அந்த வசதி இல்லை.

வண்டி நகரவில்லை என்றதும் பழி பம்பின் மேல்தான் விழும். அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் பம்பைத் தொடமாட்டார். கியர் லீவர் இரண்டு கியருக்கும் நடுவில் நிற்கிறதா, டேங்கில் எண்ணெய் எவ்வளவு, சக்கர மையத்தின் சாவி அறுந்து அச்சு மட்டும் சுற்றுகிறதா என்று பார்ப்பார். அடுத்து, முன்னாலுள்ள கருவியைத் தூக்கச் சொல்வார். அதைத் தூக்குவதும் அதே பம்பின் எண்ணெய்தான். அது விறுவிறுவென்று எழுந்தால் பம்ப் பிழைத்தது. கோளாறு வால்விலோ மோட்டாரிலோ அச்சிலோ. ஓட்டம், தூக்கல் இரண்டும் செத்திருந்தால் எண்ணெய், பம்ப், எஞ்சினையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங் என்று தேடல் திரும்பும்.

ஊளைச் சத்தமும் டேங்கில் நுரையும் சேர்ந்து வந்தால் காற்று நுழைகிறது. டேங்கிலிருந்து பம்புக்கு வரும் உறிஞ்சு ஹோஸ் இதில் ஏமாற்றும். அதன் கிளாம்ப் தளர்ந்திருந்தாலும் எண்ணெய் சொட்டாமல் இருக்கலாம். ஓடும்போது அங்கே காற்று உள்ளே இழுக்கப்படுகிறது, அவ்வளவுதான். கிளாம்ப் மேல் கிரீஸை அப்பிவிட்டுக் காதைக் கொடுத்தால் போதும். சத்தம் மாறினால் இடம் அதுதான். பழைய ஹோஸ் வெளியே நன்றாயிருந்து உள்ளே உரிந்து அடைப்பதும் உண்டு. அழுத்தம் உள்ள பக்கத்து ஹோஸை மட்டும் கையால் தடவக்கூடாது. ஊசித்துளையிலிருந்து பீய்ச்சும் எண்ணெய் தோலுக்குள் ஏறிவிடும். அட்டையைப் பிடித்துப் பார்ப்பதே வழக்கம்.

காலையில் துள்ளி ஓடி, அரைமணி வேலைக்குப்பின் மேட்டில் திணறும் வண்டிதான் அதிகம் வருவது. சூடான எண்ணெய் நீர்த்துப்போய், தேய்ந்த இடுக்குகளில் கசிந்து திரும்பிவிடுகிறது. ஆனாலும் தேய்மானத்தை முடிவு செய்யும் முன் கூலரைப் பார்க்க வேண்டும். அதன் தகடுகளுக்குள் காய்ந்த புல் இறுகிக் கிடந்தால் எண்ணெய் ஆறாது. கூலர் சுத்தமாயிருந்தும் சூட்டில் வலு போனால் பம்ப் வழியில் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்ட வேண்டும். பிரேக் பிடித்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, லீவரை நொடிநேரம் தள்ளி அளவைப் படிப்பார்கள். குளிரில் ஒரு தடவை, சூட்டில் ஒரு தடவை. குளிரில் சரியாயிருந்து சூட்டில் விழுந்தால் உள்ளே தேய்மானம். இரண்டிலும் ஒரே மாதிரி குறைவென்றால் அழுத்தம் மிஞ்சும்போது திறக்கும் ரிலீஃப் வால்வில் தூசி, அல்லது அதன் ஸ்பிரிங் சோர்ந்திருக்கிறது. தேய்ந்த பம்பை மறைக்க ரிலீஃப் ஸ்க்ரூவை இறுக்குகிறவர்கள் உண்டு. அது பழுதைத் தீர்க்காது, ஹோஸைத்தான் வெடிக்கவைக்கும்.

மோட்டார் தண்டின் சீல் போனதற்கு அடையாளம் தரையில் மட்டும் தெரிவதில்லை. சிலசமயம் எண்ணெய் பின்அச்சுப் பெட்டிக்குள் இறங்கி அங்கே அளவு கூடியிருக்கும்.

பழுது பார்த்து முடிந்ததும் பின்சக்கரங்களைத் தரையிலிருந்து உயர்த்தி, வண்டியைத் தாங்கி நிறுத்தி, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு லீவரை முன்னும் பின்னும் மாற்ற வேண்டும். உள்ளே சிக்கிய காற்று வெளியேறி, டேங்கில் குமிழி நின்றபின் எண்ணெய் அளவை மறுபடி பார்க்கவும். அது பெரும்பாலும் இறங்கியிருக்கும்.