ஜெபித்துச் சொல்கிறோம்

கோலத்தை விட்டேன், தை முதல் நாள் பொங்கல் பானையை விட்டேன், பக்கத்து வீட்டுக் கொலுவுக்குப் போவதை விட்டேன். சாதியை மட்டும் விடவில்லை. குழந்தை ஞானஸ்நானம், திடப்படுத்தல், ஞாயிறு பள்ளி, பாடகர் குழு என்று தென்னிந்தியத் திருச்சபையில் (சி.எஸ்.ஐ.) எல்லாப் படியும் ஏறி, சேகரக் கமிட்டியில் நெடுங்காலம் உட்கார்ந்திருந்த ஒரு நெல்லைச் சீமைக்காரனின் ஒப்புதல் வாக்குமூலம் இது. எங்கள் ஆராதனையில் பாவ அறிக்கை உண்டு. எல்லோரும் சேர்ந்து முழங்காலிட்டு, அச்சடித்த வார்த்தைகளைச் சொல்லிவிட்டு எழுந்துவிடுவோம். யாரும் எதையும் இன்னது என்று சொல்ல வேண்டியதில்லை என்பது அதில் உள்ள வசதி. அந்த வசதி இங்கே வேண்டாம் என்று நினைக்கிறேன். என் சாதிப் பெயரை மட்டும் எழுதப்போவதில்லை. எழுதினால், "ஓ, அவங்களா! அவங்க அப்படித்தான்" என்று மற்றவர்கள் சுலபமாகத் தப்பித்துக்கொள்வார்கள்.

என் அம்மா தை ஒன்றாம் தேதி முற்றத்தில் அடுப்புக் கூட்டிப் பொங்கல் வைப்பார். பானைக் கழுத்தில் மஞ்சள் குலை உண்டு. பால் பொங்கும்போது குலவைக்குப் பதிலாக ஒரு ஸ்தோத்திர ஜெபம். கல்லூரி நாட்களில் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் கை தூக்கி, 'இரட்சிக்கப்பட்டு' வீடு திரும்பிய நான் முதலில் சண்டைக்குப் போனது அந்தப் பானையோடுதான். "சூரியனுக்கு வைக்கது நமக்கு எதுக்கும்மா?" என்று கேட்டேன். "சூரியனைப் படைச்சவருக்குத்தாம்ல வைக்கேன்" என்றார். நான் வசனங்களை அடுக்கினேன். ஆனால் அறுப்பின் பண்டிகை வந்தால், அதே மஞ்சள் குலையையும் பூசணிக்காயையும் வாழைத்தாரையும் பீடத்துக்கு முன்னால் குவித்து ஏலம் விடுவோம். குரலை உயர்த்தி ஏலம் கேட்கிறவர்களில் நானும் ஒருவன். அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாவிட்டால் என்ன, சத்தம் இருந்தது. அடுத்த தைக்கு முற்றத்தில் அடுப்பு இல்லை.

வேலை கிடைத்து, வீடு கட்டி, காலனிக்குக் குடி வந்த பிறகு இந்த வைராக்கியம் இன்னும் முற்றியது. ஆயுத பூஜை அன்று அலுவலகத்தில் விடுப்பு. சரஸ்வதி பூஜைக்கு வரும் பொரிகடலையை வாங்க மாட்டேன். அடுத்த வீட்டு அம்மாள் ஒரு பொங்கலன்று தூக்குவாளியில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தார். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, சாமிக்குப் படைக்கதுக்கு முன்னாலேயே உங்களுக்குன்னு தனியா எடுத்து வச்சிட்டேன், தைரியமா சாப்பிடுங்க" என்றார்.

அடுத்த வீட்டுக்காரனின் விசுவாசத்தில் எது இடறும் என்று யோசித்து, பூஜை தொடங்கும் முன் ஒரு கரண்டியை அவனுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறார். எங்கள் வீட்டில் யாரும் அவருக்காக அப்படி ஒன்றை யோசித்ததில்லை. கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபத்தின் 8, 10 அதிகாரங்கள் விக்கிரகங்களுக்குப் படைத்ததைப் பற்றிப் பேசுகின்றன. தவிர்க்கச் சொல்லும் இடங்கள் எனக்கு மனப்பாடம். அழைத்தவர் வீட்டில் வைத்ததை விசாரிக்காமல் சாப்பிடுங்கள் என்று அதே பவுல் அதே 10ஆம் அதிகாரத்தில் சொல்வது மட்டும் என் கண்ணில் பட்டதில்லை. பொங்கலைக் கொல்லையில் தென்னை மூட்டில் கொட்டினேன். வாளியைக் கழுவினேன். வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரக்கூடாது என்பது ஊர் வழக்கம், ஒரு கை சீனியாவது போட்டுக் கொடுப்பார்கள். நான் ஒரு கைப்பிரதியைச் சுருட்டிப் போட்டுக் கொடுத்தேன்.

அதைச் சாட்சி என்று நம்பினேன். அடுத்த வாரம் ஜெபக் கூட்டத்தில் எழுந்து அதைச் சொல்லவும் செய்தேன். எல்லோரும் "அல்லேலூயா" என்றார்கள்.

எங்கள் சேகர மண்டபத்தில் பேராயர் அசரியாவின் படம் மாட்டியிருக்கிறது. 1874இல் வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனவர். எங்கள் பக்கத்துக்காரர் என்பதில் எங்களுக்கெல்லாம் ஒரு மிதப்பு. 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் அவர் வெள்ளைக்கார மிஷனரிகளின் முகத்துக்கு நேரே பேசினார். உங்கள் தியாகத்தையும் தானத்தையும் பார்த்துவிட்டோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்பது அவர் பேச்சின் சாரம். அசரியா பிறந்தநாள் கூட்டங்களில் இதை நான் கைதட்டலுக்காக எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். மிஷனரிகள் அன்று எங்கள் தாத்தாமார்களுக்குச் செய்ததைத்தான் நான் அடுத்த வீட்டு அம்மாளுக்குச் செய்தேன் என்பது அப்போது உறைக்கவில்லை. கைப்பிரதி கொடுத்தேன். சிநேகிதம் கொடுக்கவில்லை.

மேடையில் நான் அளந்ததற்குக் கணக்கில்லை. கம்பனில் ஊறிய வைணவர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை கிறிஸ்தவராகி, ஜான் பனியனின் மோட்சப் பயணக் கதையைக் காப்பியமாக்கி 1894இல் 'இரட்சணிய யாத்திரிகம்' தந்தார். தஞ்சாவூரில் சித்த மருத்துவம் பார்த்துச் சம்பாதித்த பணத்தில் இசை மாநாடுகள் கூட்டி, 1917இல் 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்டார் ஆபிரகாம் பண்டிதர். வேதநாயகம் சாஸ்திரியார் குறவஞ்சி வடிவத்தையே எடுத்துப் 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார். அவர் கீர்த்தனைகள் இல்லாமல் எங்கள் ஞாயிறு ஓடாது. பாருங்கள், நாங்கள் தமிழோடு எப்படிக் கலந்திருக்கிறோம் என்று மார்தட்டுவேன். என் வீட்டு வாசலில் கோலம் கிடையாது என்பது யாருக்குத் தெரியப்போகிறது?

மேடையில் சொல்லாமல் விட்ட பாதியும் உண்டு. 1833இல் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது, இப்போதே விட வேண்டும் என்று கட்டளையிட்டபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் கூட்டம் கூட்டமாகச் சபையை விட்டு வெளியேறினார்கள். அந்தக் காலத்துச் சண்டையில் சாதிக்கு ஆதரவாக எழுதியவர்களில் அதே சாஸ்திரியாரும் ஒருவர். அதற்கும் முன்னால், 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி காவி உடுத்தி, மரக்கறி உண்டு, தமிழும் வடமொழியும் கற்று, இந்த மண்ணுக்குள் இறங்கினார். இறங்கியவர் சாதியைச் சமூக வழக்கம் என்று சொல்லி ஏற்றுக்கொண்டார். பண்பாட்டோடு கலந்து வாழ்வது என்பதை நல்ல காரியமாக மட்டும் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும். காவியோடு சாதியையும் எடுத்துக்கொண்டவர் நோபிலி. காவியைக் கண்டால் முகம் சுளித்து, சாதியை மட்டும் எடுத்துக்கொண்டவன் நான். எங்கள் இருவரில் அவர் மேல். அவராவது மதுரைக்காரர்களோடு பேசினார்.

வடக்கன்குளத்துக் கத்தோலிக்கக் கோவில் கதையை எங்கள் வீட்டில் சொல்லிச் சிரிப்போம். 1872இல் கட்டிய கோவில். ஒரு பீடம், அதிலிருந்து பிரியும் இரண்டு நீண்ட கூடங்கள், நடுவே சுவர், சாதிக்கொரு பக்கம். 1910இல் சுவரை இடித்தார்கள். பழையபடி வேண்டும் என்று ஒரு தரப்பு வழக்குப் போட்டு, உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. "அது ஆர்.சி.காரங்க கதை, நம்ம சி.எஸ்.ஐ.ல அப்படிக் கெடையாது" என்பார் பெரியப்பா. சுவர் கிடையாதுதான். திருமண்டலத் தேர்தல் வந்தால் எந்த அணிக்கு எந்தத் தெரு ஓட்டுப் போடும் என்பதை விரல் விட்டு எண்ணிவிடுவோம். நானே எண்ணியிருக்கிறேன்.

இப்போது ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வாலிபர் சங்கத்துச் செயலாளர். அப்பா ஒரு கிராமத்தில் சபை ஊழியராக இருந்து இறந்தவர். பையன் பொறியியல் படித்து, கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தான். ஒரு கிறிஸ்துமஸுக்குக் கீத பவனியில் பறை அடிக்கலாம் என்று கேட்டான். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த தியாபிலஸ் அப்பாவு, 'பரட்டை' என்ற பெயரில் நாட்டுப்புற மெட்டுகளில் ஆராதனையே அமைத்தவர். ஒரே உலையில் பொங்கி எல்லோரும் சேர்ந்து உண்பதை இறையியலாகப் பேசியவர். 2005இல் மறைந்தார். அவர் பாட்டுகளைக் கேட்டுத்தான் பையனுக்கு அந்த ஆசை. "சாவுக்கு அடிக்க கொட்டைக் கொண்டாந்து பாலன் பொறப்புக்கு அடிப்பேங்கீங்களா?" என்று கமிட்டியில் நான் எழுந்தேன். பரிசுத்தம், ஒழுங்கு, அந்நிய வழிபாடு என்று என்னென்னவோ பேசினேன். டிரம்ஸும் கீபோர்டும் எந்தப் பெத்லகேமிலிருந்து வந்தன என்று அவன் கேட்கவில்லை. மரியாதை தெரிந்த பையன். பறையின்மேல் எனக்கிருந்த கோபம் மதத்தால் வந்தது இல்லை. அதை யார் அடிப்பார்கள் என்பதால் வந்தது. இதை அன்றே அறிந்திருந்தேன், மனம் அறியாத பொய் ஒன்று உண்டா?

அடுத்த ஆண்டோ என்னவோ, அவன் அம்மா, எங்கள் போதகரின் மனைவியான ஐயரம்மாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மகளுக்கும் அவனுக்கும் ஒருவரையொருவர் பிடித்திருந்தது. முறையாகக் கேட்டுச் செய்யலாம் என்று வந்திருந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். தம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, காபியை ஆறவிட்டுக் குடித்தார். எங்கள் பிரதிஷ்டைப் பண்டிகை அசனத்தில் அவருக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து இலைகள் விழுந்திருக்கின்றன. அவருக்கு நானே சாம்பார் ஊற்றியிருக்கிறேன். அசனம் வேறு, சம்பந்தம் வேறு என்று எனக்குள் யாரோ தெளிவாகச் சொன்னார்கள்.

"ஜெபித்துச் சொல்கிறோம்" என்றேன்.

ஜெபிக்கவில்லை, ஒரு தடவைகூட. ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசியரிடம் ஓடுகிறவர்களைப் பார்த்து நான் சிரித்ததுண்டு. அவர்களாவது நிஜமாகவே ஜோசியரிடம் போனார்கள். சில வாரம் கழித்து ஐயரம்மா மூலமாகச் சொல்லியனுப்பினேன்: "கர்த்தருக்குச் சித்தமில்லை போலத் தெரியுது." மகள் ஒரு கேள்விதான் கேட்டாள்: "அப்பா, ஜெபிச்சீங்களா?" ஆமாம் என்றேன். பிறகு ஒரு கிறிஸ்தவப் பத்திரிகையில் மணமகன் தேவை விளம்பரம் கொடுத்தேன். இரட்சிக்கப்பட்ட, அபிஷேகம் பெற்ற, நல்ல வேலையிலுள்ள என்று அடுக்கி, கடைசியில் சாதிப் பெயர். அதைப் பிரிவு என்று நாசூக்காகப் போடுவது வழக்கம்.

1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதிச் சலுகைகளை இந்துக்களுக்கு மட்டும் என்று வைத்தது. 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் திறந்த கதவு தலித் கிறிஸ்தவர்களுக்கு மூடியே இருக்கிறது. ஆகஸ்ட் 10ஐக் கறுப்பு தினமாகச் சபைகள் அனுசரிக்கின்றன. நானும் சட்டையில் கறுப்புத் துணி குத்திக்கொண்டு வரிசையில் நின்றிருக்கிறேன். மதம் மாறினாலும் சாதிக் கொடுமை மாறவில்லை என்பது எங்கள் மனுவின் வாதம். அந்த வாதத்துக்கு நானே அத்தாட்சி என்பது என்னோடு நின்றவர்களுக்குத் தெரியாது, அல்லது தெரிந்தும் பேசாமல் இருந்தார்கள்.

கல்யாணப் பத்திரிகை கொடுக்க அடுத்த வீட்டுக்குப் போனபோது அந்த அம்மாள் மாப்பிள்ளை யார், என்ன என்று விசாரித்தார். நம்ம ஆளுகதான் என்று சொன்னேன். அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "உங்கள்லயும் சாதி உண்டுமா அண்ணாச்சி? அந்தத் தாள்ல எல்லாரும் ஒண்ணுன்னுல்லா போட்டிருந்துச்சு!" வாளிக்குள் சுருட்டிப் போட்ட கைப்பிரதியை அவர் எடுத்துப் படித்திருக்கிறார். என் ஊழியத்தின் பலனாக ஒருவர் ஒரு பிரதியைப் படித்தார் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது அந்த ஒரு தடவைதான்.

மகள் நன்றாக இருக்கிறாள். அதில் என் கெட்டிக்காரத்தனம் ஒன்றுமில்லை. பையன் வேறு ஊருக்குப் போய்விட்டான். அவன் அம்மா எங்கள் கோவிலுக்கு வருவதை நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்ட ஐயரம்மாவிடம், "கர்த்தருக்கே எங்களைப் பிடிக்கலைங்கும்போது அங்க வந்து என்ன செய்ய?" என்றாராம். ஐயரம்மா இதை என்னிடம் சொல்லிவிட்டு வேறெதுவும் பேசாமல் போய்விட்டார். அந்த அம்மாவிடம் போய், சித்தமில்லாதது எனக்குத்தான், கர்த்தருக்கு இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. இந்த நிமிஷம்வரை போகவில்லை. எழுதுவது எளிதாக இருக்கிறது. அந்த வீட்டுப் படி ஏறுவதை நினைத்தால் கால் வரமாட்டேன் என்கிறது.

உங்கள் வீட்டில் இப்போது வரன் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா? சாதி பார்த்தே தீருவது என்றால், வந்தவர்களிடம் அதை வாய்விட்டே சொல்லி அனுப்புங்கள். "ஜெபித்துச் சொல்கிறோம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர்கள் உங்களைத் திட்டிவிட்டுப் போகட்டும், ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்காவது வருவார்கள்.