சமமில்லாத சோடி

இருவர் கூடி ஆடும் டென்னிஸைத் தனியாட்டத்தின் இருமடங்கு என்று எண்ணுவோர் உளர். கணக்கு அவ்வாறில்லை. தனியாட்டக் களத்தின் அகலம் 27 அடி; இரட்டையர் ஆட்டத்துக்கு 36 அடி. நீளம் இரண்டுக்கும் 78 அடியே. ஆள் இரட்டிக்க, அகலம் மூன்றிலொரு பங்கே கூடுகின்றது. 27 அடியைத் தனியே காக்க வேண்டியவன் இங்கே 18 அடியைக் காத்தாற் போதும். நாற்பதைக் கடந்து, ஓட்டம் தளர்ந்துவரும் என் போன்ற ஆசிரியர்களுக்கு இந்த 9 அடி பெரியதொரு வரப்பிரசாதம். ஆயினும், அந்த 18 அடி எங்கே முடிகின்றது என்பதைக் களத்தின் பின்பகுதியில் எந்தக் கோடும் காட்டுவதில்லை. பின்கோட்டின் நடுவே சிறியதோர் அடையாளம் உண்டு, அவ்வளவே. சோடிகளுக்குள் எழும் சங்கடங்கள் பெரும்பாலும் அந்தக் கோடில்லாத இடத்திலேதான் பிறக்கின்றன.

என் சோடி என் மூத்த மகள். அவளுக்கு வயது 17, எனக்கு 46. அவள் ஒன்பது வயதிலேயே மட்டை பிடித்தவள். நானோ நீரிழிவு தலைகாட்டிய பின்னர், வைத்தியர் சொற்கேட்டு நாற்பதாவது வயதிற் களத்துக்கு வந்தவன். 2024ஆம் ஆண்டில் இந்திய வீரர் ரோகன் போபண்ணா 43 வயதில் அவுஸ்திரேலியப் பகிரங்கப் போட்டியின் இரட்டையர் பட்டத்தை வென்றபோது, எங்கள் ஆசிரியர் அறையில் எல்லாரும் என்னை ஒருவிதமாகப் பார்த்தார்கள். அவர் வேறு, நான் வேறு. எங்கள் சோடியில் வல்லவர் யார் என்பது எதிர்ப்பக்கத்து அன்பர்களுக்கு எம்மிலும் நன்றாகத் தெரியும். ஆதலாற் பந்துகள் என்னையே தேடி வரும். இதில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை. இளைத்த பக்கம் பார்த்து அடிப்பதே ஆட்டம்.

எனினும் ஆட்ட விதிகள் எளியோர்பாற் சிறிது இரக்கம் உடையவை. சேர்விஸ் பந்து வலப்புறத்துக்கும் இடப்புறத்துக்கும் மாறி மாறியே வரவேண்டும். அதை ஏற்பவர் அந்தச் செற் முடியும்வரை தம் புறத்தை மாற்ற இயலாது. எதிரி என்னை எவ்வளவுதான் குறி வைத்தாலும், இரண்டுக்கு ஒரு சேர்விஸை என் மகளுக்கு அனுப்பியே தீரவேண்டும். அவள் நிற்பது இடப்புறம். 40-30 என்ற நிலையிலும், நாற்பதுக்கு நாற்பது சமமாகிப் பின் ஒருவர் முந்திய நிலையிலும் சேர்விஸ் இடப்புறத்துக்கே வருமாதலால், அந்த நெருக்கடிகளை வல்லவரே ஏற்கிறார். இருவரும் வலக்கையாளராயின், நடுவே வரும் பந்து இடப்புறத்தவரின் முன்கை வீச்சுக்கு இசைவாக அமைவது இன்னோர் இலாபம். எங்கள் பக்கத்துச் சேர்விஸையும் அவளே தொடங்குவாள். ஒரு செற்றிற் பத்து ஆட்டம் நிகழ்ந்தால் எமக்கு ஐந்து. அவற்றுள் மூன்று அவளுக்கு, இரண்டு எனக்கு.

என் பங்குக்குரிய வேலை வேறு. முதற் சேர்விஸை முக்கால் வேகத்தில் உள்ளே விழுத்துவது. வலையண்டை நிற்பவருக்கு எட்டாதபடி பந்தைக் குறுக்காகவோ தலைக்கு மேலாகவோ திருப்புவது. வலையின் உயரம் நடுவிலே 3 அடி, கம்பத்தருகே 3½ அடி. குறுக்கே அடிப்பவனுக்கு அந்த ஆறு அங்குலமும் உதவி. சனிக்கிழமை காலைகளில் மகள் பந்தனுப்ப, இந்தக் குறுக்கடி ஒன்றையே நாற்பது ஐம்பது முறை அடித்துப் பழகுகிறேன். உயர்தரப் பரீட்சை நெருங்கும் வேளையில் இது என்ன விளையாட்டு என்று அவள் தாயார் கேட்பதுண்டு. அதற்கு இன்னும் நாங்கள் தக்க விடை கண்டோமில்லை.

இவையெல்லாம் சில மாதங்களிற் கைவந்தன. வராதது ஒன்றே: பேச்சு. இரட்டையர் ஆட்டம் வாய் திறந்து ஆடவேண்டிய ஆட்டம். நம் வீடுகளிலோ, பெற்ற தகப்பனைப் பார்த்து, அதுவும் நாலுபேர் முன்னிலையில், “விடுங்கோ” என்று அதட்ட எந்தப் பெண்பிள்ளைக்கு நா எழும்? நடுவே பந்து வரும். அது தனக்குரியது என்பது அவளுக்குத் தெரியும். எனக்காக அவள் நிற்பாள். அவளுக்காக நான் நிற்பேன். பந்து இருவரையும் வணங்கிவிட்டுப் போய்விடும். எதிரியின் திறமையால் இழந்த புள்ளிகளைவிட மரியாதையால் இழந்தவையே அதிகம். ஒவ்வொரு முறையும் அவள், “பரவாயில்லை அப்பா” என்பாள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தன் பிள்ளையிடம் மன்னிப்புப் பெறுவது எந்தத் தகப்பனுக்கும் உவப்பானதன்று.

“களத்தில் நான் உனக்கு அப்பா இல்லை, சோடி” என்று ஒருநாள் சொன்னேன்.

“அப்ப என்னெண்டு கூப்பிடுறது?” என்றாள்.

நியாயமான கேள்வி. ஈற்றில் இவ்வாறு முடிவாயிற்று: அவள் எடுக்கும் பந்துக்கு “நான்!” என்பாள், எனக்குரிய பந்துக்கு “அப்பா!” என்பாள். ஏவலும் இல்லை, அதட்டலும் இல்லை; நாக்குப் பழகிய சொல்லே போதுமானதாயிற்று. முதற் கிழமையில் ஒழுங்கையாற் போன பெரியவர் ஒருவர், பெண்பிள்ளை “அப்பா! அப்பா!” என்று கத்துவதைக் கேட்டுச் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்து, “மாஸ்டருக்கு என்ன நடந்தது?” என்று கேட்டார்.

வல்லவருக்குப் பந்தை அடிப்பதிலும் விடுவதே கடினம். ஓடினால் எட்டும் என்று தெரிந்த பந்தை அப்பாவுக்கு விட்டு, அது வலையில் விழுவதைப் பார்த்து நிற்க வேண்டும். அடுத்ததையும் விடவேண்டும். விட்டாலன்றி எனக்குக் கை வராது. அமெரிக்க வீரர் பீற்றர் பிளெமிங், உலகின் மிகச் சிறந்த சோடி ஜோன் மக்கென்றோவும் வேறு யாரேனும் ஒருவரும் என்று வேடிக்கையாகச் சொன்னவர். அடக்கமான பேச்சுத்தான், நான் அதை முழுதும் நம்புவதில்லை. மக்கென்றோ பெருஞ்சுற்றுப் போட்டிகளில் வென்ற 9 ஆடவர் இரட்டையர் பட்டங்களில் 7 பிளெமிங்குடன் வென்றவை. விம்பிள்டனில் நான்கு, அமெரிக்கப் பகிரங்கப் போட்டியில் மூன்று, யாவும் 1979க்கும் 1984க்கும் இடையில். எஞ்சிய இரண்டில் ஒன்று மார்க் வூட்போர்டுடன் 1989இல், மற்றது மைக்கல் ஸ்டிக்குடன் 1992இல். ஸ்டிக் அதற்கு முந்திய ஆண்டில் விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் பெற்றவர்; அவரை ‘யாரேனும் ஒருவர்’ என்பது எங்ஙனம்?

பரீட்சை முடிந்தால் மகள் பல்கலைக்கழகம் போய்விடுவாள். ஆகையால் இப்போதே பதின்மூன்று வயது மகனைக் களத்துக்கு அழைத்து வருகிறேன். இந்தச் சோடியில் வல்லவன் நான், வாழ்க்கையில் முதன்முறையாக. நடுவே வரும் பந்தைக் கண்டதும் என் கை தானே நீளுகின்றது. அதை மடக்கிக்கொண்டு “தம்பி!” என்று கூப்பிட வேண்டியிருக்கிறது. நேற்று மாலை பதினொரு முறை கூப்பிட்டேன். நான்கு பந்துகள் வலையைத் தாண்டின.