வீட்டைப் பார்த்துக்க ஆள் வேணுமே!

வடக்கே போகப் போகக் குளிரும் என்பது பூகோளம். குடும்பத்தோடு போகப் போகச் சூடாகும் என்பது அனுபவம். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, பத்துப் பேர், நாலு தலைமுறை, ஏழு நாள், கப்பலில் அலாஸ்கா என்று ஒரு திட்டம் போட்டால் என்ன ஆகும்? மதுரையில் எங்கள் வீட்டில் எட்டு மாசமாக அதுதான் ஆகிக்கொண்டிருக்கிறது.

யோசனை அண்ணனுடையது. சியாட்டிலில் இருக்கிறான். அந்த ஊர்த் துறைமுகத்திலிருந்து கோடைக்காலம் பூராவும் அலாஸ்காவுக்குக் கப்பல் போகிறது. ஒவ்வொன்றும் இரண்டாயிரம், மூவாயிரம் பேர் ஏறுகிற மிதக்கும் மாட்டுத்தாவணி.

அலாஸ்கா சாமான்யப்பட்ட ஊர் இல்லை சார். 1867-ல் அமெரிக்கா அதை ரஷ்யாவிடமிருந்து 72 லட்சம் டாலருக்கு வாங்கியது. ஏக்கருக்கு இரண்டு சென்ட்! நான் பி.காம். இதைப் படித்த அன்று ராத்திரி சரியாகத் தூக்கமில்லை. இன்றைக்குக் கப்பலில் ஜன்னல் வைத்த ஒரு அறைக்குக் கேட்கிற வாடகையில் அன்று ஒரு தாலுகாவையே கிரயம் பண்ணியிருக்கலாம்.

அண்ணன் உடனே ஒரு வாட்ஸப் குரூப் ஆரம்பித்தான். ஞாயிறுதோறும் காலை ஆறரைக்குக் கூட்டம். அங்கே அப்போது சனிக்கிழமை சாயங்காலம் ஆறு. நாங்கள் பல் விளக்காமலும் அவர்கள் பாப்கார்ன் கொறித்துக்கொண்டும் கோரிக்கைகளை வைத்தோம்.

அப்பாவுக்குத் திமிங்கலம் பார்க்க வேண்டும். அண்ணிக்கு பால்கனி வேண்டும். அண்ணன் மகனுக்குச் சறுக்குமரத்தோடு நீச்சல் குளம். என் மகளுக்குப் பனிக்கரடியும் பென்குவினும். பென்குவின் தென் துருவத்துப் பக்கம், பனிக்கரடி இந்தக் கப்பல் போகிற வழிக்கெல்லாம் வெகு வடக்கே என்று விளக்கினேன். "அப்ப எதுக்குப்பா போறோம்?" என்றாள். என் மனைவியின் கோரிக்கை ரொம்பச் சுருக்கம். "ஏழு நாள் நான் சமைக்க வேண்டாம்ல? கப்பல் எங்க வேணா போகட்டும்."

கடைசியாக அம்மா பேசினாள்.

"நீங்கள்லாம் நல்லபடியா போயிட்டு வாங்க. நான் அத்தையைப் பார்த்துக்கிட்டு வீட்ல இருக்கேன்."

அத்தை என்றால் அம்மாவுக்கு மாமியார், எங்களுக்கு அப்பத்தா. வயது 86. இடுப்பு ஆபரேஷனுக்கு அப்புறம் நாலு கால் வாக்கரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கும். குளிக்க வைக்க, ராத்திரி எழுப்பிக் கூட்டிப் போக மகனோ பேரனோ சரிப்பட மாட்டோம். நர்ஸ் வைத்துப் பார்த்தோம். இரண்டாம் நாளே அப்பத்தா அந்தப் பெண்ணுக்குக் காபி போட்டுக் கொடுக்கச் சொல்லி அம்மாவை விரட்ட ஆரம்பித்துவிட்டது.

அம்மா இதைச் சொல்வது முதல் தடவை இல்லை. 1996-ல் நாங்கள் கன்னியாகுமரி போனபோது தாத்தாவுக்குப் பக்கவாதம். அம்மா வீட்டில். 2008-ல் அண்ணன் அமெரிக்காவில் பட்டம் வாங்கினபோது அப்பா மட்டும் போனார். அண்ணிக்குப் பிரசவம் என்றபோது அண்ணியின் அம்மா போனார். அண்ணன் சொந்த வீடு வாங்கிப் பால் காய்ச்சியதை அம்மா செல்போனில்தான் பார்த்தாள். அடுப்பு கிழக்கே பார்த்திருக்கா என்று கேட்டு, காமிராவைத் திருப்பச் சொன்னாள். அவ்வளவுதான்.

கணக்கு படித்தவன் என்பதால் இதைக் கணக்காகவே பார்க்கிறேன். ஊர் போகிற செலவை எப்போதும் பங்கு போட்டுக்கொண்டோம். வீட்டில் இருக்கிற செலவை மட்டும் நாற்பத்து மூன்று வருஷமாக ஒரே ஆள் பேரில் பற்று எழுதிவிட்டோம்.

ஆக, அம்மா வரவேண்டும் என்றால் அப்பத்தா வரவேண்டும். அப்பத்தா வரவேண்டும் என்றால் எப்படிப்பட்ட பயணம் அது? திட்டத்தைத் தலைகீழாகத் திருப்பி, 86 வயதிலிருந்து கீழே இறங்கி வந்தோம். அதற்கு அப்புறம்தான் கப்பல் ஏன் என்பதே எனக்கு விளங்கியது.

சுவிட்சர்லாந்தோ காஷ்மீரோ என்றால் இரண்டு நாளுக்கு ஒரு ஓட்டல், பெட்டியைக் கட்டு, பஸ்ஸில் ஏறு, படிக்கட்டு. கப்பலில் ஒரே தடவை பெட்டியைப் பிரித்தால் போதும். ஊர்தான் ஜன்னலுக்கு வரும். லிஃப்ட் இருக்கிறது, சக்கர நாற்காலி போகிறது. கால் திடமானவர்கள் கரையில் இறங்கிச் சுற்றலாம். முடியாதவர்கள் மேல்தளத்தில் காபியோடு உட்கார்ந்து அதே மலையைப் பார்க்கலாம். சாயங்காலம் ஒரே மேஜையில் சாப்பாடு. ஊர் போவதற்கும் வீட்டில் இருப்பதற்கும் நடுவே இப்படி ஒரு ஏற்பாடு இருக்கிறது!

முடிவு எடுத்தாயிற்று. சிக்கல்கள் வரிசையாக வந்தன.

முதலில் தேதி. நம் ஊரில் ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போதுதான் அங்கே மூடுகிறார்கள். அண்ணன் பிள்ளைகளுக்கு ஜூன் நடுவில்தான் லீவு. என் மகள் நாலாம் வகுப்பில் இரண்டு வாரம் போகாவிட்டால் நாடு தாங்கும் என்று தீர்மானித்தோம். மற்றபடி ஜூன் நல்ல மாசம். ராத்திரி பத்து மணிக்கு வெளிச்சம் இருக்கும். செப்டம்பரில் மழை கொட்டும்.

அடுத்தது சட்டம். கப்பல் சியாட்டிலில் கிளம்பி, அலாஸ்கா போய், சியாட்டிலுக்கே திரும்புகிறது. எல்லாமே அமெரிக்கா. அமெரிக்க விசா போதும்தானே? போதாது. 1886-ல் போட்ட ஒரு சட்டத்தின்படி, வெளிநாட்டுக் கொடி கட்டிய கப்பல் இப்படி ரவுண்டு அடிக்கவேண்டுமானால் நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும். பெரிய கப்பல்கள் அநேகமாக எல்லாமே வெளிநாட்டுக் கொடிதான். அதனால் கனடாவில் விக்டோரியா என்ற ஊரில் சில மணி நேரம் நிற்கும். இந்திய பாஸ்போர்ட்காரர்களுக்குக் கனடா விசாவும் வேண்டும். 2021-ல் கொரோனாவால் கனடா துறைமுகங்களை மூடியபோது, அந்த வருஷக் கப்பல்களுக்காக அமெரிக்க நாடாளுமன்றமே தனிச் சட்டம் போட்டு விலக்குத் தரவேண்டியிருந்தது. நம்மை விசாரிக்க வந்த டிராவல்ஸ்காரர் இந்த விசா சமாசாரத்தை வாயைத் திறந்து சொல்லவில்லை. அவரோடு பேச்சு அத்தோடு முடிந்தது.

அப்புறம் அறை. விளம்பரத்தில் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டிருப்பது, அறைக்கு இரண்டு பேர் என்ற கணக்கில். ஒருத்தர் தனியாகத் தங்கினால் பெரும்பாலும் இரண்டு பேர் காசு. மூன்றாவது, நாலாவது ஆளுக்குக் கொஞ்சம் குறையும். ஆனால் மேலே இருந்து இறக்குகிற பர்த்தில் படுக்க வேண்டும், பாண்டியன் எக்ஸ்பிரஸ் மாதிரி. அப்பத்தாவோடு அம்மா என்றுதான் எல்லாரும் எழுதினோம். அண்ணன் மகளுக்குப் பதின்மூன்று வயது. அவள்தான் அவளுடைய அமெரிக்கத் தமிழில் சொன்னாள். "நான் அப்பத்தா ரூம். ஆச்சி வித் தாத்தா. நடுல டோர் இருக்கு."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சமையல்கட்டுக்கு எழுந்து போய்விட்டாள்.

இரண்டு அறைக்கும் நடுவே கதவு. அப்பத்தா அறையில் கதவு அகலம், குளிக்கிற இடத்தில் படி கிடையாது. இந்த மாதிரி அறைகள் ஒரு கப்பலில் கொஞ்சம்தான். சீக்கிரமே சொல்லி வைத்தால்தான் கிடைக்கும். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் ஆட்டம் குறைவு என்பதால் அங்கேயே கேட்டு வாங்கினோம். அலாஸ்கா கரையோரம் தீவுகள் அலையைத் தடுத்துவிடும். திறந்த கடலில்தான் கொஞ்சம் ஆட்டும். அதற்கு அம்மா சுக்குப் பொடி பண்ணியாயிற்று.

டிப்ஸ் தனி. ஆளுக்கு நாளுக்கு 16 டாலர் என்று வைத்தாலும் பத்துப் பேருக்கு ஏழு நாளில் 1,120 டாலர். அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார்.

சாப்பாடு? தாத்தா போன பிறகு அப்பத்தா கவுச்சியைத் தொடுவதில்லை. முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் கப்பலில் இந்திய சைவச் சாப்பாடு உண்டு. அம்மா நம்பவில்லை. குட்டி ரைஸ் குக்கர் ஒன்று எடுத்து வைத்தாள். தீ பயத்தால் அயர்ன் பாக்ஸ், குக்கர் மாதிரிச் சூடாகிற எதையும் கப்பலில் ஏற்ற விடமாட்டார்கள் என்றதும் முகம் வாடிவிட்டது. ஆறுதலுக்கு ஒரு கதை சொன்னேன். கப்பல் நிற்கிற ஊர்களில் ஒன்று ஸ்காக்வே. 1898-ல் தங்கம் தேடி அந்த வழியாக ஆயிரக்கணக்கான பேர் கனடாவுக்குள் போனார்கள். ஒரு வருஷத்துக்கான சாமான் இல்லாத ஆளை எல்லையில் கனடா போலீஸ் விடவில்லை. ஆளுக்குக் கிட்டத்தட்ட ஒரு டன், முதுகில் சுமந்து மலையேறினார்கள்.

"அந்த போலீஸ்காரங்களுக்கு விவரம் இருக்கு" என்றாள் அம்மா.

அதே மலையில் 1900-ல் போட்டு முடித்த ரயில் பாதையில் இப்போது ஜம்மென்று உட்கார்ந்து போகலாம். அது அப்பாவுக்கும் பிள்ளைகளுக்கும்.

குளிர் அவ்வளவு மோசமில்லை. ஜூனில் பகலில் 15 டிகிரி சொச்சம். கொடைக்கானல் டிசம்பர் மாதிரி. மேல்தளத்துக் காற்றும் மழையும்தான் வில்லன். கெச்சிக்கன் என்கிற ஊரில் மதுரையைப் போல நாலு மடங்கு மழை பெய்கிறது. உடம்போடு ஒட்டிய தெர்மல், அதற்கு மேல் கம்பளி, எல்லாவற்றுக்கும் மேல் மழைக்கோட்டு, இதுதான் விதி. பருத்தி ஆகாது, நனைந்தால் காயாது. அப்பாவின் மங்கி குல்லா முதல் ஆளாகப் பெட்டிக்குள் போய்விட்டது. மார்கழியில் மதுரைக்கே போடுகிறவர், அலாஸ்காவுக்குப் போடாமல் இருப்பாரா?

இத்தனையும் ஆன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "அப்பத்தாவுக்கு நடுக்கடல்ல ஏதாவது ஆச்சுன்னா?"

கேட்க வேண்டிய கேள்விதான். கப்பலில் டாக்டர் உண்டு, ஆஸ்பத்திரி அளவுக்கு வசதி கிடையாது. ஹெலிகாப்டரில் கரைக்குக் கொண்டுபோனால் ஆகிற செலவைக் கேட்டால் அதற்கே மாரடைப்பு வரும். எண்பது தாண்டியவர்களுக்கு இன்ஷூரன்ஸ் தருகிறவர்கள் குறைவு. ஏற்கெனவே இருக்கிற வியாதிகளைச் சின்ன எழுத்தில் கழித்துவிடுவார்கள். அந்தச் சின்ன எழுத்தைப் படிக்கிற வேலை எனக்கு வந்தது. எங்கள் டாக்டர் இடுப்பையும் இதயத்தையும் பார்த்துவிட்டு, விமானத்தில் மணிக்கொரு தரம் எழுந்து நடக்க வேண்டும், காலுக்கு இறுக்கமான சாக்ஸ் போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

அண்ணனுக்கு அப்பத்தாவே பதில் சொன்னது. "ஏன்டா, இங்கன கெடந்தா மட்டும் எனக்கு ஒண்ணும் ஆகாதாக்கும்?"

அமெரிக்க விசாவுக்கு அப்பாவைத் தவிர நாங்கள் ஐந்து பேர் சென்னைக்குப் போனோம். ஜெமினி பாலத்துப் பக்கம் தூதரக அலுவலகம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்கார அதிகாரி. தமிழில் கேட்க ஒருத்தர். எதற்காக அமெரிக்கா போகிறீர்கள் பாட்டி என்று கேட்டார்கள். பனிமலை, கப்பல், பேரன் என்று நாங்கள் வழியெல்லாம் ஒப்பிக்க வைத்துக் கூட்டிப் போயிருந்தோம்.

அப்பத்தா பக்கத்தில் நின்ற அம்மாவைக் காட்டியது. "இவ தன் மகன் வீட்டை இன்னும் பாக்கலைங்க. நான் வராட்டி இவ வரமாட்டா. அதுக்குத்தான்."

விசா கிடைத்துவிட்டது. திரும்பி வருகிற ரயிலில் அம்மா வெகுநேரம் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

அப்பத்தாவுக்கு ஒரு விஷயம் மட்டும் பிடித்துப்போயிற்று. கிளேசியர் பே என்கிற வளைகுடாவில் கப்பல் கரைக்குப் போவதில்லை. ஒரு நாளைக்கு இரண்டே பெரிய கப்பல்களைத்தான் உள்ளே விடுகிறார்கள். மார்ஜரி என்ற பனியாற்றுக்கு முன்னால் நின்று, கப்பல் தன்னைத்தானே மெல்லச் சுற்றிக் காட்டும். அதனால் எந்தப் பக்கத்து அறைக்கும் தரிசனம் உண்டு. ஒரு மைல் அகலம், தண்ணீருக்கு மேல் 250 அடி உயரம். சுமார் 250 வருஷத்துக்கு முன்னால் அந்த வளைகுடா முழுக்கவே பனிதான். அது 65 மைல் பின்வாங்கித்தான் கடலுக்கு வழிவிட்டிருக்கிறது.

"250 அடின்னா எம்புட்டுடா?"

"நம்ம மீனாட்சி கோயில் தெக்குக் கோபுரம் 170 அடி அப்பத்தா. அதைவிட இன்னும் எம்பது அடி."

"உக்காந்த எடத்துலயேவா?"

"உக்காந்த எடத்துலயே."

அட்வான்ஸ் கட்டியாயிற்று. மீதியைக் கிளம்புவதற்கு மூன்று மாசம் முன்னால் கட்ட வேண்டும். ஜூனுக்கு இன்னும் நாளிருக்கிறது. ஆனால் போன வாரம் அம்மா ஒரு கேள்வி கேட்டாள். "வாசக் கதவுக்குப் பூட்டு எங்கடா?"

தேடினோம். பரண், பீரோ, அப்பாவின் ஆணி டப்பா எல்லாம் தேடினோம். பூட்டு இல்லை. அந்த வீட்டை வெளியே பூட்ட வேண்டிய அவசியமே இத்தனை வருஷத்தில் வந்ததில்லை. எப்போதும் உள்ளே ஆள் இருந்தாள்.

கடைக்குப் போய்க் கனமான திண்டுக்கல் பூட்டு ஒன்று வாங்கி வந்தேன். அம்மா வெளியே போய்க் கதவைச் சாத்தி, நாதாங்கியை மாட்டி, பூட்டி, இழுத்துப் பார்த்தாள். திறந்தாள். மறுபடி பூட்டி, இன்னொரு தரம் தொங்கி இழுத்துப் பார்த்தாள்.

உள்ளேயிருந்து வாக்கர் தட்டுகிற சத்தம் கேட்டது.

"ஏ, என்னைய வச்சுப் பூட்டிட்டுக் கெளம்பிராதீங்கப்பா!"